ஷாக் அப்சார்பர் இறுக்கமாக இருந்தால் போதுமா?

இங்கிலாந்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் வைத்திருக்கிறேன், நான்கு ஷாக்கும் போய்விட்டது, இருப்பதிலேயே இறுக்கமானதாகப் பார்த்து வாங்கிப் போடலாமா?

வேண்டாம். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டி ஒரு டன்கூட இல்லை. அதன் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் வாங்கிய ஆற்றல் ஆட்டமாகத் தொடராதபடி அதை வெப்பமாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. எண்ணெய் நிறைந்த குழாய், உள்ளே ஒரு பிஸ்டன், இதெல்லாம் தெரிந்ததுதான்.

சிக்கல் பிஸ்டனில் இருக்கும் ஓட்டையில் தொடங்குகிறது. வெறும் ஓட்டை என்றால் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வளைவில் கார் சாயும்போது பிஸ்டன் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கிறது, குழியில் விழுந்தால் அதே பிஸ்டன் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டலாம். சாய்வை அடக்கும் அளவுக்குச் சின்ன ஓட்டை வைத்தால் குழியில் அது சுவராகிவிடும், குழிக்கு ஏற்ற ஓட்டை வைத்தால் வளைவில் எதிர்ப்பே இருக்காது.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு அலுக்கவே அலுக்காது. ஓட்டைகளின் வாயில் மெல்லிய எஃகுத் தகடுகளை, லாரியின் லீஃப் ஸ்பிரிங் மாதிரி பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி மூடிவிடுகிறார்கள். மெதுவாக நகரும்போது எண்ணெய் ஒரு சிறு கசிவு வழியாக மட்டும் போகும், நல்ல எதிர்ப்பு கிடைக்கும். திடீரென்று அழுத்தம் ஏறினால் தகடுகளின் ஓரம் வளைந்து வழிவிடும், அதற்கு மேல் எதிர்ப்பு மெல்லத்தான் ஏறும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 0.20 மி.மீ. தகட்டை எடுத்துவிட்டு 0.25 போட்டால் அந்தத் தகட்டின் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது! அமுங்கும்போது ஓர் அடுக்கு, விரியும்போது பிஸ்டனின் மறுபக்கத்தில் வேறோர் அடுக்கு. ஸ்பிரிங் தேக்கிய ஆற்றலைக் கட்டுப்படுத்த வேண்டியிருப்பதால் விரியும் பக்கம் பொதுவாக அதிக விறைப்பு.

இப்போது கேள்விக்கு வருவோம். தேவையான எதிர்ப்பு ஸ்பிரிங் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஸ்பிரிங்கை இரட்டிப்பாக்கினால் ஷாக் 1.4 மடங்கு போதும். பழைய மென்மையான ஸ்பிரிங்கோடு மிக இறுக்கமான ஷாக்கைப் போட்டால், அடுத்தடுத்த மேடுகளில் ஸ்பிரிங் விரிய நேரமே இல்லாமல் டயர் சாலையை விட்டுவிடும். கம்பெனி ஸ்பிரிங் என்றால் அதற்கென்றே வடிவமைத்த ஷாக் போதும், கோனி நிறுவனத்தின் மஞ்சள் ஷாக் மாதிரி, விரியும் பக்கத்தின் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கக் கூடியது இன்னும் நல்லது. தொடர்ந்து வேகமாக ஓட்டுவீர்கள் என்றால் ஒற்றைக்குழாய் வகை, அதில் உயர் அழுத்த நைட்ரஜன் எண்ணெயை நுரைக்க விடாது. பம்பரை அமுக்கி எத்தனை முறை ஆடுகிறது என்று பார்த்து ஷாக்கைத் தேர்வு செய்யச் சொல்பவர்களை நம்பாதீர்கள், அது மெதுவான அசைவை மட்டுமே காட்டும். எந்த வேகத்தில் எவ்வளவு எதிர்ப்பு என்று சொல்லும் விசை-வேக வரைபடத்தைக் காட்டாமல் 'ஸ்போர்ட்' என்ற ஒரே சொல்லில் விற்பதும் எனக்குச் சம்மதமில்லை.

மாற்றும்போது ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இந்தக் காரில் அமுங்க இடம் குறைவு, அதனால் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் நொறுங்கிப்போயிருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள். ஸ்பிரிங்கை அதற்கான ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவியில் அமுக்கிய பிறகுதான் மேல் நட்டைத் தொட வேண்டும், இல்லையென்றால் அது உயிருக்கே ஆபத்து. அப்புறம், ரப்பர் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக முறுக்காதீர்கள், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். எடை சக்கரத்தில் நிற்கும்போது முறுக்கிவிட்டு, அலைன்மென்ட் பாருங்கள்.