கயிறு அறுந்த பிறகு யோசிக்க நேரமில்லை

"எஞ்சினே இல்லாத ஒன்றில் என் மகளை ஏற்றுகிறீர்களே தம்பி, மேலே போனதும் காற்று நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" இங்கிலாந்தில் கிளைடர் பயிற்றுநராக இருக்கும் எனக்கு நம்மவர் பெற்றோரிடமிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். இந்த நாட்டில் 14 வயதிலேயே கிளைடரில் தனியாகப் பறக்கலாம் என்பதால் கேட்பவரின் குரலில் உள்ள கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் பயப்படும் இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு.

காற்று நின்றுபோனாலும் கிளைடர் பறந்துகொண்டுதான் இருக்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சாதாரண இரட்டை இருக்கைப் பயிற்சிக் கிளைடர், அசையாத காற்றில் 30 கிலோமீட்டர் அளவுக்குச் சறுக்கிச் செல்லும். உயரம் இருக்கும்வரை நேரம் இருக்கிறது. நேரம் இருக்கும்வரை தவறைத் திருத்திக்கொள்ளலாம். பயிற்சியில் உயிர்கள் போவது அந்த உயரத்தில் அல்ல. தரையை விட்டு எழும் முதல் சில நொடிகளிலும், தரையிறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பத்திலும்தான் பெரும்பாலும் போகின்றன.

இறக்கை முறிந்து விழும் விபத்தும் உண்டு, மறுக்கவில்லை. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் எல்-13 பிளானிக் ரகக் கிளைடர் ஒன்றின் இறக்கை, உலோகச் சோர்வால் பறக்கும்போதே முறிந்தது. உலகெங்கும் பல தலைமுறை மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த அந்த ரகம் அத்தோடு தரையில் நிறுத்தப்பட்டது. அப்படி ஒன்று நடந்தால் செய்தியாகிறது, உடனே தடை வருகிறது. செய்தியாகாமல், ஒரே மாதிரியாக, ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப நடப்பவற்றைப் பற்றியே நான் இங்கே எழுதுகிறேன்.

பிரிட்டனில் பல கழகங்கள் கிளைடரை வின்ச் கொண்டு மேலே ஏற்றுகின்றன. மைதானத்தின் மறுகோடியில் ஓர் எஞ்சின், அதில் ஓர் உருளை, அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் கயிறு. நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினால் பட்டம் ஏறுவதுபோல, உருளை கயிற்றைச் சுற்ற கிளைடர் விண்ணென்று ஏறுகிறது. நின்ற இடத்திலிருந்து பறக்கும் வேகத்தை எட்ட மூன்று நான்கு நொடி போதும். ஒரு நிமிடத்துக்குள் ஆயிரம் அடிக்கு மேலே போய்விடலாம். செலவு குறைவு, சத்தம் குறைவு, பார்க்கவும் அழகு. ஆபத்தும் அந்த முதல் நொடிகளுக்குள்ளேயே இருக்கிறது.

முதலாவது, இறக்கை சாய்வது. கிளைடர் ஒற்றைச் சக்கரத்தில் நிற்பது. புறப்படும்போது ஒருவர் இறக்கையின் முனையைப் பிடித்துக்கொண்டு சில அடி ஓடுவார். அவர் விட்ட பிறகு, இறக்கையைச் சமமாக வைக்கும் அளவுக்குக் காற்று ஓட்டம் வருவதற்குள் ஒரு முனை புல்லில் இறங்கினால், புல் அதைப் பிடித்து இழுக்கும்; மறுமுனையோ முன்னால் பாய்ந்து மேலே எழும். கயிறு விடாமல் இழுத்துக்கொண்டிருப்பதால் கிளைடர் முனையின் மேலேயே கரணம் போட்டு மூக்கோடு குத்திவிடும். எல்லாம் ஓரிரு நொடி. தடுக்க ஒரே வழி, முனை தரையைத் தொடும் முன்பே கயிற்றைக் கழற்றிவிடும் மஞ்சள் குமிழை இழுப்பது. அதற்குக் கை ஏற்கெனவே அந்தக் குமிழின் மீது இருந்தாக வேண்டும். "பக்கத்தில்தான் வைத்திருந்தேன்" என்பார்கள். பக்கத்திலிருந்து குமிழுக்குப் போகும் அந்த அரை நொடி இங்கே கணக்கில் இல்லை. "கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்" என்று நினைப்பது இன்னும் மோசம். பல தடவை சரியாகித்தான் விடுகிறது. அதனால்தான் அந்தப் பழக்கம் ஒழிய மறுக்கிறது.

இரண்டாவது, மூக்கை அவசரமாகத் தூக்குவது. இதில் சிறிது கணக்கு உண்டு. சமமாகப் பறக்கையில் மணிக்கு 65 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் கிளைடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கயிற்றின் இழுப்பும், மூக்கு எழும் வேகமும் சேர்ந்து இறக்கையின் சுமையை இரண்டு மடங்காக்கினால், ஸ்டால் வேகம் இரண்டின் வர்க்கமூல அளவுக்குக் கூடி 92 கிலோமீட்டராகிவிடும். மாணவர் வேகமானியில் 80 என்று பார்த்து நிம்மதியாக இருப்பார். இறக்கையோ கைவிடும் நிலையில் இருக்கும். இரண்டு இறக்கைகளும் ஒரே நேரத்தில் கைவிடுவதில்லை, ஒன்று முந்திக்கொள்ளும். கிளைடர் சுருண்டு தலைகீழாகும்போது உயரம் முப்பது மீட்டர்கூட இருக்காது. அங்கிருந்து மீட்பது எந்தக் கொம்பனாலும் ஆகாது. எனவே நாங்கள் கற்றுத்தருவது, போதிய வேகம் வரும்வரை தாழ்வாகவே ஏறி, அதன்பின் நொடிக்குப் பத்துப் பாகைக்கு மேல் போகாதபடி மூக்கை நிதானமாக உயர்த்துவது.

மூன்றாவது கயிறு அறுவது. நல்ல பராமரிப்பு உள்ள கழகத்திலும் அறும். இதற்கென்றே கயிற்றின் கிளைடர் பக்க முனையருகே, அளவுக்கு மீறிய இழுப்பு வந்தால் தானாக முறியும் உலோகத் துண்டு ஒன்றும் உண்டு. அறுவது விபத்தல்ல, அதன் பிறகு நடப்பதுதான். மூக்கு வானத்தைப் பார்த்திருக்க, இழுத்துக்கொண்டிருந்த விசை சட்டென மறைகிறது. வேகம் சரிகிறது. மாணவர் மூக்கைத் தாழ்த்துகிறார். தொடுவானம் கண்ணுக்கு வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டதால், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். வேகம் இன்னும் திரும்பவில்லை. அந்த நேரத்தில், தூக்குவிசையைக் குறைக்க இறக்கையிலிருந்து எழும் தகடான ஏர்பிரேக்கைத் திறந்தாலோ திரும்பத் தொடங்கினாலோ கிளைடர் விழும். மூக்கைத் தாழ்த்து, தரையிறங்கத் தேவையான வேகம் வந்துவிட்டதை வேகமானியில் கண்ணால் பார், பிறகுதான் வேறெதுவும்; முன்னால் இடமிருந்தால் நேராக இறங்கு. இதையே நாங்கள் மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதன் மறுபக்கம் பலருக்குத் தெரியாது. மூக்கைத் தாழ்த்தும்போது உடல் இருக்கையிலிருந்து லேசாக எழும், வயிறு கூசும். சிலரின் உடல் இந்த உணர்வையே ஸ்டால் என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்டால் என்றால் கட்டுப்பாட்டுக் குச்சியை முன்னே தள்ளு என்று பாடம் படித்திருக்கிறார்கள், தள்ளுகிறார்கள். தள்ளத் தள்ள எடை இன்னும் குறைகிறது, பயம் கூடுகிறது, மேலும் தள்ளுகிறார்கள். தரையை நோக்கிச் செங்குத்தாகப் பாய்வதில் போய் முடியும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். நல்ல உயரத்தில், சொல்லிவிட்டு, மூக்கை மெதுவாகத் தாழ்த்தி எடையைக் குறைத்துக் காட்டுவேன். பின்னிருக்கையில் இருக்கும் எனக்கு மாணவரின் முகம் தெரியாது, தலை தெரியும். தலை பின்னால் சாய்கிறதா, கை எதையாவது பற்றப் போகிறதா என்று பார்ப்பேன். பிறகு அவரையே செய்யச் சொல்லுவேன். உடல் விறைத்து, குச்சி தன்னையறியாமல் முன்னே போனால், அவரைத் தனியே அனுப்பும் பேச்சுக்கு இப்போது இடமில்லை. சிறிது சிறிதாகப் பழக்கினால் பெரும்பாலோருக்கு அந்தக் கூச்சம் அடங்கும். கெட்டிக்காரத்தனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மற்றபடி அருமையாகப் பறப்பவர்களிடமும் இது உண்டு.

இவை எதுவும் புதிதல்ல. 1896இல் ஜெர்மனியின் ஸ்டோல்ன் அருகே கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியந்தாலைக் கொன்றதும் ஸ்டால்தான். ரைட் சகோதரர்கள் அந்த மரணத்தை எண்ணித்தான் தங்கள் கிளைடரின் மூக்கை ஏற்றி இறக்கும் உயர்த்தியை முன்பக்கம் வைத்தார்கள். விபத்து அன்றிலிருந்தே பாடமாகத்தான் இருந்துவருகிறது. பாடம் அடுத்த மைதானத்துக்குப் போய்ச் சேர்வதுதான் எப்போதும் சிக்கல். ஒரு கழகத்தில் பத்து இருபது ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதை அங்குள்ளவர்கள் கெட்ட நேரம் என்று எண்ணிவிடுவார்கள். நாடு முழுவதிலுமிருந்து அறிக்கைகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் அது ஒரே விபத்து பல ஊர்களில் நடந்தது என்று தெரியும். பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் செய்தது அதைத்தான். பல ஆண்டு அறிக்கைகளை ஆராய்ந்து, வின்ச் ஏற்றத்தில் உயிரைக் குடிப்பவை மேலே சொன்ன இந்தச் சில வகைகளே என்று பிரித்துக்காட்டி, 2005இல் பாதுகாப்பான வின்ச் ஏற்றத்துக்கான இயக்கத்தைத் தொடங்கியது. புதுக் கருவி எதுவும் இல்லை. துண்டறிக்கை, கழகம் கழகமாகப் பேச்சு, பயிற்றுநர்களுக்கு மறுபயிற்சி, அவ்வளவே. அதன்பின் வின்ச் ஏற்றத்தில் உயிரிழப்பும் கடுங்காயமும் தெளிவாகக் குறைந்தன.

அறிக்கை எழுதுவது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும். கழகம் என்பது சனி ஞாயிறு ஒன்றாகத் தேநீர் குடிக்கும் கூட்டம். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க விரும்புவதில்லை. அதனால்தான் சங்கத்தின் இதழில் வரும் விபத்துச் சுருக்கங்களில் பெயர் இராது; விமானியின் வயதும் பறந்த மணிநேரமும் மட்டும் இருக்கும். அந்த மணிநேரப் பத்தியைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். பத்து மணிநேரக்காரர்களும் இருப்பார்கள், ஆயிரம் மணிநேரக்காரர்களும் இருப்பார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பும், விசாரணையின் ஒரே நோக்கம் விபத்தைத் தடுப்பதுதான், பழி சுமத்துவதல்ல என்றே சொல்கிறது. தேநீர் மேசையில் இது எளிதில் மறந்துபோகிறது. "அந்த ஆள் எப்போதுமே அப்படித்தான்" என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் பாடம் அங்கேயே புதைந்துவிடும்.

பயிற்றுநர் உடன் இருந்தால் ஆபத்து இல்லை என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் இருக்கும்போது நடக்கும் விபத்துகளில் பலவற்றின் வேர், பயிற்றுநர் தாமதமாகக் கட்டுப்பாட்டை எடுத்தது. மாணவர் தாமே திருத்திக்கொண்டால்தான் கற்பார் என்பது உண்மை. ஆனால் தரையிலிருந்து ஐந்து மீட்டரில் அந்தப் பெருந்தன்மைக்கு இடமில்லை. கயிறு அறுந்ததுபோல் செய்துகாட்டும் பயிற்சியே உண்மையான விபத்தில் முடிந்ததும் உண்டு. மிகத் தாழ்வான உயரத்தில் குமிழை இழுத்து மாணவரைச் சோதிப்பது வீரம் அல்ல. அந்த உயரத்தில் மாணவர் தவறினால் நமக்கும் மிச்சம் எதுவும் இருக்காது.

விமானத்தால் இழுத்து ஏற்றும் இடங்களில் பாடம் வேறு. இழுவை விமானம் வால் சுக்கானை இடவலமாக ஆட்டினால் "உன் ஏர்பிரேக் திறந்திருக்கிறது, பார்" என்று பொருள். இறக்கைகளை ஆட்டினால் "உடனே கயிற்றைக் கழற்று" என்று பொருள். பதற்றத்தில் முதலாவதை இரண்டாவதாக எடுத்துக்கொண்டு, தாழ்வான உயரத்தில், ஏர்பிரேக் திறந்தபடியே கயிற்றைக் கழற்றியவர்கள் உண்டு. அதுவரை இழுத்துக்கொண்டிருந்த விமானம்தான் அவர்களைத் தாங்கியது. கழற்றியதும் கல்லாக இறங்குவார்கள். அமெரிக்காவில் இதை மாணவர்களுக்குச் செய்துகாட்டியே பழக்கச் சொல்வதற்குக் காரணம், கரும்பலகையில் சரியாகச் சொல்பவர் வானத்தில் தவறாகச் செய்கிறார் என்பதுதான்.

புறப்படும் முன் நாங்கள் சொல்லும் சோதனைப் பட்டியலின் கடைசி உருப்படி, "ஏதாவது நடந்தால்?" இதை முணுமுணுக்க விடமாட்டேன். இன்றைய காற்று எங்கிருந்து, இறக்கை சாய்ந்தால் என்ன, தாழ்வாக அறுந்தால் எங்கே, உயரத்தில் அறுந்தால் எந்தப் பக்கம் திரும்புவாய் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நேற்றைய பதிலை இன்று ஒப்பிப்பவரும் உண்டு; காற்று திசை மாறியிருக்கும். நான் கையை உயர்த்தி, அவருடைய கிளைடரைப் பின்னால் தள்ளச் சொல்லிவிடுவேன். வரிசையில் நிற்பவர்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் பெற்றோர் கிளைடரின் வயதையும் வண்ணப்பூச்சையும் பார்ப்பதை விட்டு, சில கேள்விகளைக் கேளுங்கள். கயிறு அறுந்தால் என்ன செய்வாய் என்று அங்கே பறக்கும் ஒரு மாணவரைக் கேளுங்கள். பயிற்றுநரைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறாரா, மைதானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். பயிற்றுநருக்குக் கடைசியாக யார், எப்போது சோதனைப் பறப்பு நடத்தினார் என்று கேளுங்கள். கோபம் வந்தால் அதுவும் ஒரு பதிலே. சிறு சம்பவங்களை எழுதிவைக்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடினமாக இறங்கியது, சரியாகப் பூட்டாத மேல்மூடி, சாய்ந்த இறக்கையில் உடனே கழற்றிய கயிறு என்று பக்கங்கள் நிறைந்திருந்தால் பயப்படாதீர்கள், அது நல்ல கழகம். ஒரு பருவம் முழுக்க வெறுமையாக இருக்கும் பதிவேட்டைக் காட்டி "எங்களிடம் எதுவுமே நடப்பதில்லை" என்று பெருமைப்பட்டால், பணம் கட்டுவதற்கு முன் அடுத்த கழகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.