சென்ட்ரிங் ஏன் சரிகிறது?

1978 ஏப்ரல் 27. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் அனல் மின் நிலையத்துக்கான குளிர்விப்புக் கோபுரம் ஒன்று 51 மீட்டர் உயரத்துக்கு எழும்பியிருந்தது. தரையிலிருந்து சாரம் எதுவும் கட்டவில்லை. ஆட்கள் நின்ற மேடை, அச்சுப் பலகைகள், கான்கிரீட்டைத் தூக்கும் கருவி எல்லாமே முந்தைய நாட்களில் வார்த்த சுவரிலேயே போல்ட் போட்டு மாட்டப்பட்டிருந்தன. ஒரு வளையத்துக்கு ஐந்தடி உயரம். அது முடிந்ததும் மேடையை ஏற்றிக்கொண்டு அடுத்த வளையம். அன்று காலை கான்கிரீட் வாளி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, முந்தைய நாள் வார்த்த வளையம் பிய்ந்தது. பிய்ந்த இடத்திலிருந்து இரு பக்கமும் சுற்றிக்கொண்டே போய், மேடை மொத்தமும் கீழே வந்தது. மேலே நின்ற 51 பேரும் இறந்தார்கள்.

அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு அதே கலவையை, அந்த இரவின் குளிரில் வைத்துச் சோதித்தது. ஒருநாள்கூட ஆகாத அந்தக் கான்கிரீட்டின் வலிமை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 கிலோதான். நம்மூர் வீட்டுத் தளத்துக்குப் போடும் எம்20 கான்கிரீட் 28 நாளில் எட்டவேண்டிய வலிமை 200 கிலோ. சிமென்ட்டிலும் குறையில்லை, வரைபடத்திலும் தவறில்லை. கல்லாக இன்னும் மாறாத ஒன்றைக் கல் என்று நம்பி அதில் ஆட்களை ஏற்றினார்கள். 38 ஆண்டுகள் கழித்து, 2016 நவம்பர் 24 அன்று, சீனாவின் ஃபெங்செங்கில் இதே போன்ற கோபுரம் இதே காரணத்தால் சரிந்தது. குளிர்காலம், நெருக்கிய காலக்கெடு, கான்கிரீட் இறுகுமுன் பிரித்த அச்சு. 74 பேர் இறந்தார்கள்.

கட்டி முடித்துக் குடியேறிய கட்டடம் விழுந்தால் அடித்தளத்தையும் கம்பியையும் சந்தேகிப்பது சரி. கட்டும்போதே விழுந்தால் முதலில் பார்க்கவேண்டியது, வேலை முடிந்ததும் கழற்றி லாரியில் ஏற்றிவிடும் சாமான்களைத்தான்: முட்டுகள், பலகைகள், குறுக்குக் குழாய்கள். இவை சேர்ந்ததுதான் சென்ட்ரிங். தூணுக்கும் பீமுக்கும் கணக்குப் போடும் பல இடங்களில் இவற்றுக்கு வரைபடமே இருப்பதில்லை. மேஸ்திரியின் கண் அளவுதான். மூன்று மீட்டர் உயர அறைக்கு அந்தக் கண் அளவு பெரும்பாலும் போதும். ஆபத்து அதைத் தாண்டிய இடத்தில் இருக்கிறது.

ஒரு கன மீட்டர் கான்கிரீட் கம்பியோடு சேர்த்து 2,500 கிலோ. ஆறு அங்குலத் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 375 கிலோ. பலகைகளுக்கு 50, ஆட்களுக்கும், கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டருக்கும் 150 சேர்த்தால் 575 கிலோ. முட்டுகளை 1.2 மீட்டருக்கு ஒன்றாக நிறுத்தினால் ஒவ்வொன்றின் தலையிலும் ஏறத்தாழ 830 கிலோ. நல்ல இரும்பு முட்டுக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் பம்ப் குழாயைப் பிடித்திருப்பவர் ஒரே இடத்தில் நின்றுவிட்டால், அங்கே கான்கிரீட் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவியும். அந்தக் குவியலின் அடியில் சதுர மீட்டருக்கு இரண்டரை டன், அதாவது தளத்தின் எடையைப்போல் ஆறு மடங்குக்கு மேல். கொட்டக் கொட்ட உடனுக்குடன் பரப்பவேண்டும் என்று சொல்வது மட்டம் பார்ப்பதற்காக மட்டும் இல்லை.

முட்டின் கால் எங்கே நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். அடித்தகடு 15 செ.மீ. சதுரம். அதன் வழியாக 830 கிலோ இறங்கினால் மண்மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 37 டன். புதிதாகக் கொட்டி நிரப்பிய மண் பத்து டன்னுக்கே திணறும்; மழை பெய்தால் இன்னும் மோசம். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத கனத்தில், 45 செ.மீ. சதுரப் பலகை ஒன்றை அடியில் வைத்தால் அழுத்தம் 4 டன்னாக இறங்கிவிடும். ஒரு துண்டுப் பலகை செய்யும் வேலை இது. பலகை இல்லாமல், முட்டின் நீளம் எட்டவில்லை என்று செங்கல்லை அடுக்கி அதன்மேல் முட்டை நிறுத்தியிருந்தால் அங்கே கான்கிரீட் போட விடக்கூடாது. முட்டு ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலும் தன் பங்குச் சுமையைப் பக்கத்து முட்டுகளிடம் தள்ளிவிடும். அவை ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பதோடு இதையும் சுமக்கவேண்டும்.

அடுத்து, முட்டில் செருகும் பின் (ஆணி). இரும்பு முட்டில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைந்திருக்கும். உயரத்தை நிறுத்தி வைப்பது ஒரு கடினமான எஃகுப் பின். அது தொலைந்துபோகும். தொலைந்ததும் கீழே கிடக்கும் எட்டு மில்லி கம்பித் துண்டைச் செருகுவது பல சைட்டுகளில் நடக்கிறது. துளையைவிட மெல்லிய அந்தத் துண்டு சுமை ஏறியதும் வளையும், உள்குழாய் சாயும், சுமை நடுவில் இறங்காமல் ஓரத்தில் இறங்கும். மொத்த எடையும் அந்தக் கம்பித் துண்டில்தான் நிற்கிறது.

உயரம் இதையெல்லாம் விடக் கொடியது. மெல்லிய குச்சியை மேலிருந்து அழுத்தினால் அது நசுங்குவதில்லை, வில்லாக வளைந்து ஒடிகிறது. முட்டும் அப்படித்தான். நீளம் இரட்டித்தால் தாங்கும் சுமை பாதியாகாது, நான்கில் ஒன்றாகிவிடும். மூன்று மீட்டரில் இரண்டு டன் தாங்கும் குழாய், ஆறு மீட்டரில் அரை டன்னிலேயே வளையும். இரண்டு மாடி உயரப் போர்டிகோவும் கல்யாண மண்டபக் கூடமும் கான்கிரீட் போடும்போதே சரிவதற்கு இது முக்கியக் காரணம். சவுக்கு முட்டு ஒன்றோடு ஒன்றை ஒட்டுப்போட்டு நிறுத்தினால் ஒட்டிய இடம் இன்னொரு பலவீனம். மருந்து எளிது: முட்டின் நடுவில் இரு திசையிலும் கிடைக்குழாய் கட்டினால் வளையும் நீளம் பாதியாகி, இழந்த வலிமை திரும்பிவிடும். அதோடு மூலைவிட்டக் குழாய்களும் வேண்டும். அவை இல்லாவிட்டால் பம்ப் குழாய் ஒவ்வொரு தடவை உதறும்போதும் சென்ட்ரிங் மொத்தமும் ஒரே பக்கமாகச் சாயப் பார்க்கும். ஆள் நடக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று முதலில் கழற்றப்படுவதும் இந்தக் குழாய்கள்தான்.

மாடிக்கட்டடத்தில் கீழ்த்தளத்தைத் தரை என்று நினைத்துவிடுகிறோம். குடியிருப்புத் தளம் தன் எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ புழக்கச் சுமைக்கும், டைல்ஸ் போன்றவற்றுக்கு அதில் பாதிக்கும் கணக்கிடப்பட்டது. அதன்மேல் முட்டு வைத்து அடுத்த தளத்தை வார்க்கும்போது 575 கிலோ இறங்குகிறது, அதுவும் தளத்துக்கு வயது பத்து நாள்கூட ஆகாதபோது. ஆகவே கீழே இரண்டு, மூன்று தளங்களிலும் முட்டு இருந்து சுமையைப் பகிரவேண்டும். அவையும் நேர்க்கோட்டில், மேல் முட்டுக்கு நேர் கீழே. 1973 மார்ச் 2 அன்று வர்ஜீனியாவின் ஸ்கைலைன் பிளாசாவில் 24-ஆம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது, 22-க்கும் 23-க்கும் இடையிலிருந்த முட்டுகளை எடுத்துவிட்டார்கள். இளம் தளமான 23, தூண்களைச் சுற்றிக் குத்துப்பட்டுக் கிழிந்தது. நனைந்த அட்டையில் விரல் இறங்குவதுபோல. விழுந்த தளம் கீழ்த்தளத்தை உடைக்க, அது அடுத்ததை உடைக்க, சரிவு தரைவரை போனது. 14 பேர் இறந்தார்கள்.

எத்தனை நாளில் பிரிக்கலாம் என்பதற்கு இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456 கணக்குத் தந்திருக்கிறது. தூணின் பக்கப் பலகைக்கு 16 முதல் 24 மணி நேரம். தளத்தின் முட்டுக்கு, தாங்கிகளுக்கு இடையிலான தூரம் 4.5 மீட்டர்வரை 7 நாள், அதற்குமேல் 14 நாள். பீமுக்கு அதே தூரம் 6 மீட்டர்வரை 14 நாள், தாண்டினால் 21. இந்த நாட்கள் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு, வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாத இடத்துக்குத்தான். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் மூட்டையை வாங்கிவிட்டு அதே ஏழு நாளைப் பிடித்துக்கொள்ளக்கூடாது. அது தொடக்கத்தில் மெதுவாகத்தான் வலுப்பெறும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழியில் வார்த்த தளத்துக்கும் கூடுதல் நாள் வேண்டும். கியூப் சோதனை (அதே கலவையில் வார்த்த கனசதுரக் கட்டியை உடைத்துப் பார்ப்பது) முடிவு வந்துவிட்டதே என்பார்கள். கியூப் 27 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் சொகுசாக வளர்ந்தது, தளமோ இரவெல்லாம் பனியில் கிடந்தது. பிரிப்பதற்கான முடிவுக்குத் தளத்தின் மேலேயே, அதே காற்றில் வைத்திருந்த கியூபை உடைத்துப் பார்க்கவேண்டும்.

பிரிக்கும் வரிசையிலும் உயிர் இருக்கிறது. இரு முனையும் தாங்கும் தளத்தில் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு வரவேண்டும். பால்கனி, சன்ஷேட் போல ஒரு பக்கம் மட்டும் பிடித்திருப்பவற்றில் வெளிநுனியிலிருந்து சுவரை நோக்கி வரவேண்டும். மாற்றிச் செய்து நுனி முட்டு மட்டும் மிச்சமிருந்தால், பால்கனி இரு பக்கமும் தாங்கிய தளம்போல நடுவில் தொய்யும். தொய்வைத் தாங்கவேண்டிய கம்பி அடியில் இருக்காது. பால்கனிக்குக் கம்பி மேல்பக்கத்தில் அல்லவா? அந்த மேல்கம்பியையும் கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து இறக்கிவிடுகிறார்கள். ஐந்து அங்குலப் பால்கனியில் அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டிய கம்பி 5 செ.மீ.க்கு இறங்கினால் வலிமை பாதிதான் மிஞ்சும். மேலே பூசிமெழுகியபின் எந்தக் கண்ணுக்கும் இது தெரியாது. கம்பிக்கடியில், அதைத் தூக்கிப் பிடிக்க நாற்காலிபோல வளைத்த கம்பியை ஒரு மீட்டருக்கு ஒன்றாகக் கட்டி, நடப்பதற்குத் தனியாகப் பலகை போட்டுவிட்டால் மிதிபடாது.