16 எங்கிருந்து வந்தது?

கம்ப்யூட்டர் சயின்ஸ் செய்முறைத் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளராக, ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ மாணவி ஒருத்திக்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஃபேக்டோரியல் வந்திருந்தது, அதாவது 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும் புரோகிராம். விறுவிறுவென்று அடித்தாள். 5 கொடுத்தாள், 120 வந்தது. ரெக்கார்டு நோட்டும் பளிச்சென்று இருந்தது. சும்மா கேட்போமே என்று, "ஏம்மா, இதையே 1 முதல் 5 வரை கூட்டுகிற மாதிரி மாத்திக் காட்டு" என்றேன். பெருக்கல் குறியை எடுத்துவிட்டுக் கூட்டல் குறி போட்டாள். 16 வந்தது. வரவேண்டியது 15. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சட்டென்று விண்டோவை மூடிவிட்டாள்.

"இது புக்ல இல்ல சார்."

இந்த வருடம் இதோடு எத்தனையாவது பிள்ளை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். விடையைப் போட்டு வைக்கும் வேரியபிளுக்குப் புத்தகத்தில் இல்லாத பெயர் வைத்தால் மார்க் போய்விடுமா என்று கேட்ட பையனும் உண்டு.

"புரோகிராமை உருப்போட்டால் போதும், 20 மார்க் கையில்" என்கிறார்கள் பெற்றோர். சில ஆசிரியர்களும்தான், என் இனத்தையே சொல்கிறேன். மார்க் வரும், மறுக்கவில்லை. தியரி 70, இன்டர்னல் 10, செய்முறை 20, கூட்டினால் 100. ஆனால் செய்யுளை உருப்போட்டால் என்றைக்காவது அதன் பொருள் பிடிபடும். புரோகிராமை உருப்போட்டவனுக்கு ஓர் எழுத்து மாறினாலே கண்ணைக் கட்டிவிடும். 'ஒன்று கூடுதலாக இருக்கிறதே, எங்கே நுழைந்தது?' என்று தேடும் அந்த ஐந்து நிமிடம்தான் புரோகிராமிங். மற்றதெல்லாம் டைப்பிங். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பதே இல்லை.

பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் என்ற இன்னொரு கணினி மொழி, அடுத்த வருடம் பைத்தான். எது முதலில் வரவேண்டும் என்று ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் சண்டை போடுவோம். லேபைப் பூட்டியே வைத்திருந்தால் எது முதலில் வந்தால் என்ன? பைத்தானில் உள்தள்ளல், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி, தப்பினால் புரோகிராம் ஓடாது, இல்லையென்றால் தப்பான விடை தரும். நோட்டில் மட்டுமே எழுதிப் பழகியவனுக்கு அது தெரிய வருவது தேர்வன்றுதான்.

ஆசிரியர்களே, செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு மட்டும் லேபைத் திறந்தால் போதாது. வேண்டுமென்றே ஒரு தப்போடு புரோகிராம் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பைத்தானில் எர்ரர் வந்தால் கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெற்றோரே, கோடிங் கிளாஸுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். போன் பிரவுசரிலேயே பைத்தான் ஓடும், லேப்டாப் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். "கணக்கு சுமார்தான் சார்" என்று தயங்கவும் வேண்டாம். ஆரம்பத்துக்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அப்புறம், தப்பான விடை வந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள்.

அந்தப் பெண்ணை விண்டோவைத் திறக்கச் சொன்னேன். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, தொடங்கும் முன் விடை என்ன, ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் அது என்ன ஆகிறது என்று எழுதச் சொன்னேன். 1, 2, 4, 7, 11, 16. எழுதி முடித்து, கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். பேனா முதல் எண்ணில் நின்றது.

"ஆரம்பத்துலயே ஒண்ணு உள்ள இருக்கு சார்!"

அதை 0 ஆக்கினாள். 15 வந்தது. எழுந்திருப்பாள் என்று பார்த்தால் உட்கார்ந்தே இருந்தாள். "அப்போ பெருக்கும்போது மட்டும் ஏன் சார் 0 வைக்கல?"

வெளியே அடுத்த பேட்ச் காத்திருந்தது. "வெச்சுப் பாரும்மா" என்றேன்.