டிஷ்ஷைக் கழற்றுவதற்கு முன்

மழை இறங்கினால் படம் உறையும், மாதம் பிறந்தால் பில் வரும். செய்மதி டிஷ் வேண்டாம் என்று முடிவெடுக்கும் கொழும்புக் குடும்பங்கள் நேராக இணையத்துக்குத்தான் போகின்றன. அதற்கு முன் கூரை அன்டெனாவைப் பாருங்கள். சக்தி, வசந்தம், நேத்ரா மூன்றும் தரைவழியே இலவசமாக வருகின்றன.

இங்கே தரைவழி ஒளிபரப்பு இன்னும் அனலாக்தான். டிஜிட்டலுக்கென 2014இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையைத் தெரிவுசெய்தார்கள், மாற்றம் முடியவில்லை. ஆகவே லண்டன் மாமா கொண்டுவரும், பிரிட்டன் டிஜிட்டல் முறைக்கான ஃப்ரீவியூ பெட்டி இங்கே ஒரு சனலையும் பிடிக்காது.

படம் புள்ளி புள்ளியாக வந்தால் எல்லோரும் முதலில் வாங்குவது சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். பெரும்பாலும் கோளாறு வயர் முனையில் இருக்கும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று கனெக்டருக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். பளபளப்பான செம்பு தெரியும்வரை வயரை வெட்டி, புது எஃப் கனெக்டர் (வயர் முனையில் மாட்டும் திருகு இணைப்பு) போட்டு, ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். வயர் 75 ஓம் ஆர்ஜி-6 என்ற அன்டெனா வயர் வகையாக இருக்கட்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இதற்குப் பிறகும் பூஸ்டர் தேவைப்பட்டால் அதை அன்டெனாக் கம்பத்திலேயே பூட்டுங்கள். டிவிக்குப் பின்னால் வைத்தால் வயரில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். நான்கு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் சுமார் 7 டெசிபல் விழுங்கும்; ஒவ்வொரு டிவிக்கும் ஐந்தில் ஒரு பங்கு சிக்னல்தான் மிஞ்சும். படத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்தால் அது தொடர்மாடிச் சுவரில் பட்டுத் திரும்பிவரும் அலை. அன்டெனாவை உயர்த்துவதைவிட இரண்டு அடி பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள்.

தமிழ்நாட்டுச் சனல்களும் தொடர்களும் வேண்டுமென்றால் ஃபைபர் இணைப்பு, அல்லது பியோ டிவி போன்ற ஐபிடிவி, அதாவது இணைய வழியில் வரும் டிவி சேவை. செயலியில் பார்ப்பவர்கள் எச்டிக்கு மணிக்கு 3 ஜிபி வரை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 4 மணி பார்த்தால் மாதம் 360 ஜிபி. பெக்கேஜில் இரவு டேட்டா தனியாகப் பிரிந்திருந்தால் பகல் பங்கை மட்டும் கணக்கிடுங்கள். தரத்தை எஸ்டிக்கு இறக்கினால் மூன்றில் ஒன்றுதான்.

வான் வண்டியில் யாழ்ப்பாணமோ நுவரெலியாவோ போகும்போது அதன் கூரையில் டிஷ் கட்டுவது வீண்வேலை. நிறுத்தும் இடமெல்லாம் புதிதாகத் திசை பிடிக்க வேண்டும், ஒரு மரக்கிளை போதும் மறைக்க. வீட்டு வைஃபையில் படங்களைப் போனில் இறக்கிக்கொண்டு போங்கள், புறப்படுமுன் போனை ஃப்ளைட் மோடில் போட்டு எல்லாம் ஓடுகிறதா பாருங்கள். சில செயலிகள் இறக்கியதை டிவிக்கு அனுப்பவே விடாது. பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட படம் அதில் ஏறாது.

மின்சாரத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. 12 வோல்ட் என்று எழுதிய சிறு டிவியை நேரே பேட்டரியில் கொடுக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது அங்கே 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். டிவி அதைத் தாங்குமென்று லேபிளில் இல்லாவிட்டால் இடையில் 12 வோல்ட் ஸ்டெபிலைசர் வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 5 அம்பியர் ஃபியூஸ் போடுங்கள். டிவிப் பக்கம் போட்டால் நடுவில் உரசிய வயரை அது காக்காது. 36 வாட் டிவி 3 அம்பியர் இழுக்கும், இன்வேர்ட்டர் வழியே என்றால் இன்னும் கொஞ்சம் கூட. எஞ்சினை நிறுத்திவிட்டு இரவு முழுக்கப் பார்ப்பதென்றால் நீண்ட நேரம் மின்சாரம் கொடுக்கவென்றே செய்த டீப் சைக்கிள் பேட்டரி ஒன்றைத் தனியாக வையுங்கள். ஸ்டார்ட் பேட்டரியை நம்பினால் காலையில் வானைத் தள்ள ஆள் தேட வேண்டிவரும்.