மேசைமேல் ஊன்றிய கை

காவேரிப்பட்டினத்தில் நண்பர் வீட்டுக் கூடத்தில், கிருஷ்ணகிரி இன்னும் சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்துப் படம் ஒன்று தொங்குகிறது. தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒரு கையை மேசைமேல் ஊன்றி நிற்க, பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி அமர்ந்திருக்கிறார். விறைப்பான மனிதர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

1851இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், அதாவது கொலோடியன் என்ற பசைக் கரைசலைப் பூசி ஈரம் காயும் முன் படமெடுக்கும் முறையில், கண்ணாடித் தகட்டில் முகம் பதியப் பல நொடிகள் ஆகும் என்பதால், அதுவரை அசையாதிருக்கத் தரையில் நிற்கும் தாங்கியின் இரும்புக் கவ்வியைத் தலைக்குப் பின்னால் பொருத்தினார்கள், கைக்கு மேசையோ நாற்காலி முதுகோ கொடுத்தார்கள். நண்பர் வீட்டுப் படத்தில் பெரியவரின் குதிகாலுக்குப் பின்னே வேட்டி மறைக்காமல் விட்ட கரிய வளைவு அந்தத் தாங்கியின் அடிப்பாகம்தான். பிறகு வந்த ஜெலட்டின் உலர் தகடுகள் நேரத்தை வெகுவாகக் குறைத்தபோதும் மேசை மட்டும் படத்தை விட்டுப் போகவில்லை.

கை இருக்கும் இடத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த உருவப்பட லென்ஸ் முந்தையவற்றைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது; ஆனால் அது தெளிவாகக் காட்டும் ஆழம் மிகக் குறைவு, ஓரங்களும் மங்கும். மடியிலிருந்து முன்னே நீளும் கை, முகத்தின் தெளிவுத் தளத்தைவிட்டு விலகிப் பெரிதாகவும் கலங்கலாகவும் விழும். ஆகவே நல்ல படக்காரர் முகத்தையும் கையையும் கேமராவிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் நிறுத்தினார்; முகமும் இரு கைகளும் ஒரு முக்கோணமாக அமைந்தன. அழகுக்கும் கருவிக்கும் ஒரே தீர்வு கிடைத்த இடம் இது.

அம்மாளின் நெற்றிப் பொட்டு ஏன் கறுப்பாக இருக்கிறது என்று நண்பரின் மகள் கேட்டாள். அக்காலத் தகடுகள் நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டுமே நன்கு வினைபுரிந்ததால், சிவப்பும் மஞ்சளும் இருண்டு போயின; அவர் கட்டியிருந்த கரிய புடவை உண்மையில் அரக்குச் சிவப்பாகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் மஞ்சள் பூசிய கன்னம் கூடுதலாகக் கறுக்காமல் காக்க, பக்கவாட்டுச் சாளரத்தின் ஒளிக்கு எதிரே வெள்ளைத் துணி விரித்து நிழலைத் தணித்திருக்க வேண்டும். அந்தக் கன்னத்தில் இப்போதும் ஒரு மென்மையான வெளிச்சம் தெரிகிறது.