வீட்டுக்கு ரோபோ வந்தால் பிள்ளையின் வயதைப் பாருங்கள்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தரை கூட்டும் ரோபோக்கள் ஓடத் தொடங்கிவிட்டன. வெளிநாட்டு உறவினர்கள் கொண்டுவரும் பெட்டிகளில் பேசி ஆடும் ரோபோக்களும் வருகின்றன. கொழும்பில் சிறுவர் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் என்னிடம் பெற்றோர் கேட்பது, "எந்த வயதில் கொடுக்கலாம்?" என்பதுதான். உங்கள் பிள்ளையின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிகிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு வீட்டில், ரோபோ காலடிக்கு வந்ததும் இரண்டு வயதுச் சிறுமி அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அது கதிரையின் கீழ் சிக்கி நின்றதும் மெல்ல வந்து குந்தி, பாதி கடித்த பிஸ்கட்டை அதன் முன்னால் வைத்தாள். கலிபோர்னியாவில் ஒரு முன்பள்ளிக்குச் சோனியின் கியூரியோ ரோபோவைப் பல மாதங்கள் கொண்டு சென்றார்கள். அந்த ஆய்வு 2007இல் வெளியானது. மின்கலம் தீர்ந்து அது படுத்தபோது, 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகள் போர்வை போர்த்திவிட்டார்கள். இந்தப் பரிவைக் கேலி செய்யாதீர்கள். சில்லில் விரல் போகாமல் மட்டும் பக்கத்தில் இருங்கள்.

ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்தால் கதை வேறு. ஜப்பானின் ஒசாகாவில் வணிக வளாகமொன்றில் உலவிய ரோபோவைச் சிறுவர்கள் வழிமறித்தார்கள், உதைத்தார்கள். பெற்றோர் அருகில் இல்லாதபோதே இது அதிகம் நடந்தது. அதனால் தொல்லை வரும்போல் தெரிந்தால் ரோபோ பெரியவர்கள் நிற்கும் பக்கம் நகரும்படி ஆய்வாளர்கள் அமைத்தார்கள். நம் வீடுகளில் "அடிக்காதே, அது அழும்" என்கிறோம், அது பொய். "மெஷின்தானே, விடு" என்பதும் சரியில்லை. "அதற்கு நோகாது, ஆனால் நாங்கள் எதையும் உதைப்பதில்லை" என்று சொல்லுங்கள். பிள்ளைக்குப் புரியும்.

எனக்கு உண்மையான கவலை ஏழு முதல் ஒன்பது வயதினரைப் பற்றியது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்கு, தனியாக இருந்தபோது இந்த வயதுப் பிள்ளைகள் 87 வீதம் சரியாகச் சொன்னார்கள். பக்கத்தில் ரோபோக்கள் ஒன்றாகப் பிழையான விடை சொன்னபோது அது 75 வீதமாக இறங்கியது. அதே சோதனையில் பெரியவர்கள் ரோபோக்களின் விடைக்கு இணங்கவில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்காகச் சொன்ன விடையைக் கேள்வி கேட்காமல் மனனம் செய்யப் பழகிய நம் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. ரோபோ பிழைவிடும் இடத்தைப் பிள்ளையே பிடிக்கட்டும். பிடித்தால் மனம்விட்டுப் பாராட்டுங்கள்.

ரோபோவுக்கும் உணர்வு உண்டு என்ற நம்பிக்கை பதினைந்து வயதில் குறைகிறது, ஆனால் மறைந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் 9, 12, 15 வயதினர் 90 பேரிடம் செய்த ஆய்வில், தனக்குப் பயம் என்று சொன்ன ரோபோவை அலுமாரிக்குள் அடைத்தார்கள். அது சரியில்லை என்று பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். இந்த வயதினர் வீட்டில் சொல்லாததை ரோபோவிடம் சொல்லக்கூடும். ஆகவே வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கேளுங்கள்: கமரா இருக்கிறதா, குரல் எங்கே சேமிக்கப்படுகிறது, அழிக்க முடியுமா? இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டு வாருங்கள்.