பெட்டியில் 150, டயருக்குத் தேவை 33

கையடக்கக் கம்ப்ரஸரால் கார் டயருக்குக் காற்றடித்து முடித்த சூட்டோடு, குழாய் முனையில் இருக்கும் பித்தளைத் திருகைக் கழற்றப் போனால் விரல் சுடும். முதல் தடவை எனக்கு அது புரியவில்லை. கருவி ஐந்து நிமிடம்தான் ஓடியிருக்கும். மோட்டார் சூடாவது சரி, மோட்டாரை விட்டு முழ நீளம் தள்ளியிருக்கும் பித்தளைத் துண்டு ஏன் அப்படிக் கொதிக்க வேண்டும்? இதற்கு விடை தெரிந்தால், எந்தக் கருவியை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

நான் முதலில் வாங்கிய கருவி சில மாதங்களில் நின்றுபோனது. மோட்டார் உறுமும், காற்று வராது. திருகுகளைக் கழற்றித் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன டிசி மோட்டார், அதன் அச்சில் பொடிப் பல்சக்கரம். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரிய சக்கரத்தில் மையத்தை விட்டுத் தள்ளி ஒரு முளை, அந்த முளையில் மாட்டிய தண்டு, தண்டின் நுனியில் கட்டைவிரல் பருமனில் ஒரு பிஸ்டன். மொத்தமே இவ்வளவுதான். பிஸ்டன் இறங்கும்போது வெளிக்காற்று சிலிண்டருக்குள் வரும். ஏறும்போது அந்தக் காற்று நசுங்கி, ஒருவழி வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு குழாய்க்குள் போகும். சைக்கிள் பம்பை நாம் கையால் அடிப்பதைத்தான் இது விநாடிக்குப் பல தடவை செய்கிறது. என் கருவியில் அந்தப் பெரிய பல்சக்கரம் பிளாஸ்டிக். சூட்டில் இளகி, நாலைந்து பற்கள் மழுங்கிக் கிடந்தன.

சூடு எங்கிருந்து வருகிறது? காற்றைச் சட்டென்று நசுக்கினால் அது சூடாகும். பிஸ்டன் தள்ளும் தள்ளல் காற்று மூலக்கூறுகளின் வேகமாக மாறுகிறது. மூலக்கூறுகளின் வேகம் கூடுவதைத்தான் வெப்பநிலை ஏறுவது என்கிறோம். மெதுவாக நசுக்கினால் அந்தச் சூடு சுவர் வழியே வெளியேற நேரம் கிடைக்கும். விநாடிக்குப் பல தடவை நசுக்கினால் கிடைக்காது. 27 டிகிரியில் இருக்கும் காற்றை 33 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை ஒரே மூச்சில் நசுக்கினால், சூடு துளிகூட வெளியே போகாத பட்சத்தில், அதன் வெப்பநிலை கணக்குப்படி 150 டிகிரியை நெருங்கும். நிஜத்தில் சிலிண்டர் சுவர் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் அவ்வளவு ஏறாது. ஆனால் அந்தச் சூடான காற்று குழாய் வழியாகத்தானே டயருக்குப் போக வேண்டும்? ரப்பர் குழாயைத் தொட்டால் அவ்வளவாகத் தெரியாது. பித்தளை சூட்டை உடனே வாங்கி உடனே விரலுக்குக் கொடுத்துவிடும்.

ஆக, இந்தக் கருவி எவ்வளவு அழுத்தம் தரும் என்பதைவிட, தன் சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே முக்கியம். உலோகப் பல்சக்கரம், உலோக சிலிண்டர், அதன்மேல் சூட்டை விசிறிவிடும் தகடுகள் ஆகியவற்றுக்கு மரியாதை இதனால்தான். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம், பிறகு எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்று கருவியின் குறிப்பேட்டில் போட்டிருப்பார்கள். யாரும் படிக்காத அந்த வரியைத்தான் நான் இப்போது முதலில் தேடுகிறேன். அது இல்லாத கருவியை நான் வாங்குவதில்லை.

இனி பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணுக்கு வருவோம்: 150 பி.எஸ்.ஐ. கார் டயருக்குத் தேவை பெரும்பாலும் 30 முதல் 36 வரைதான். டிக்கியில் சில கார்களுக்கு ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி தருவார்களே, அதற்கு வழக்கமாக 60 வேண்டும். சாதாரணக் காரில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. அப்படியானால் 150 என்பது எதைச் சொல்கிறது?

பிஸ்டன் சிலிண்டரின் உச்சிக்கு ஏறினாலும் மேலே கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். பிஸ்டன் போய் மூடியில் இடிக்கக் கூடாது என்பதால் அந்த இடைவெளியை விட்டே ஆக வேண்டும். அதில் நசுங்கிய காற்று கொஞ்சம் தங்கிவிடும். பிஸ்டன் மறுபடி இறங்கும்போது தங்கிய இந்தக் காற்றுதான் முதலில் விரியும். அது விரிந்து வெளியழுத்தத்துக்கு வந்த பிறகே புதுக் காற்று உள்ளே நுழைய முடியும். டயரில் அழுத்தம் குறைவாக இருக்கும்போது இதனால் பெரிய நஷ்டமில்லை. டயர் ஏற ஏற, தங்கும் காற்றின் அழுத்தமும் ஏறும். அது விரிந்து அடைத்துக்கொள்ளும் இடமும் கூடும். புதுக் காற்று நுழையும் அளவு குறையும். ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் அதே காற்று நசுங்குவதும் விரிவதுமாக இருக்கும், புதிதாக எதுவும் வராது. பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் ஏறத்தாழ அந்த எல்லையைத்தான் காட்டுகிறது. அங்கே கருவி சத்தம் போடும், சூடாகும், காற்று மட்டும் போகாது. இந்தக் காரணத்தால் 150 போட்ட கருவி 100 போட்டதைவிட கார் டயரை வேகமாக நிரப்பும் என்று சொல்லவே முடியாது.

நமக்கு வேண்டியது, டயரின் அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று போகிறது என்பது. இதுவும் பெட்டியில் இருக்கும், ஆனால் எந்த அழுத்தத்தில் அளந்தது என்று பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல், குழாய் முனையைத் திறந்து வைத்து அளந்த எண்ணாக இருந்தால், 33 பி.எஸ்.ஐ.யில் அதில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். மேலே சொன்ன தங்கும் காற்று ஒரு காரணம். சுமை ஏறினால் மோட்டாரின் வேகம் குறையும், பிஸ்டன் வளையத்தைச் சுற்றிக் கசிவும் கூடும்.

இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். நடுத்தரக் காரின் டயருக்குள் சுமார் 35 லிட்டர் இடம் இருக்கும் என்று வையுங்கள். வெளியே காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. டயரை 25இலிருந்து 33க்கு ஏற்ற, 8ஐ 14.7ஆல் வகுத்து 35ஆல் பெருக்கினால் சுமார் 19 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். கருவியை மாட்டி ஓட்டி, 25க்கும் 33க்கும் இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். 90 விநாடி ஆனால், உண்மையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 13 லிட்டர் போகிறது என்று அர்த்தம். முழுக்கக் காற்றுப்போன டயருக்குச் சுமார் 79 லிட்டர் வேண்டும், அதாவது இதே கருவி ஆறு நிமிடம் ஓட வேண்டும். அது ஆறு நிமிடம் சூட்டைத் தாங்குமா? குறிப்பேட்டில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கோடு இதை ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

வெறும் 8 பி.எஸ்.ஐ.க்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும். 1200 கிலோ காரில் ஒவ்வொரு டயரும் சுமார் 300 கிலோவைத் தாங்குகிறது. 33 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. 300ஐ 2.3ஆல் வகுத்தால் 130 சதுர சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்து விரித்த ஒரு கையளவு இடம்தான் ஒரு சக்கரம் தரையைத் தொடுகிறது. டயர்ச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் சுமப்பதால் கணக்கு துல்லியமாக இருக்காது, ஆனாலும் படம் இதுதான். காற்று குறைந்தால் அதே எடையைத் தாங்க டயர் இன்னும் அமுங்கி, இன்னும் பரந்து உட்கார வேண்டும். சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் பக்கச் சுவர் மடங்கி நிமிரும். மடங்கி நிமிரும் ரப்பர், வாங்கிய ஆற்றல் அத்தனையையும் திருப்பிக் கொடுப்பதில்லை; ஒரு பங்கை உள்ளேயே சூடாக வைத்துக்கொள்ளும். நெடுந்தூர வேகத்தில் டயர் வெடிப்பதற்குப் பின்னால் பல சமயம் இந்தச் சூடுதான் இருக்கிறது. காற்று குறைந்த டயர் மோசமாகத் தெரிவதும் இல்லை. கண்ணால் பார்த்து 25க்கும் 33க்கும் வித்தியாசம் சொல்வது மிகவும் கடினம். பஞ்சரே ஆகாத டயரும் ரப்பர் வழியே மெல்லக் கசிந்து மாதம் ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ. இறங்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். காரின் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுவது ஒரு வகை, உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்தது இன்னொரு வகை. சாக்கெட்டின் ஃபியூஸ் பல கார்களில் 10 அல்லது 15 ஆம்பியர். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 120 வாட், 15 என்றால் 180 வாட். அதற்கு மேல் இழுக்கும் கருவியைச் சாக்கெட்டில் மாட்டினால் ஃபியூஸ் போய்விடும். பெரிய கருவிகளுக்கு நேரே கார் பேட்டரியில் கவ்வும் கிளிப் இருப்பது இதனால்தான். வாங்கும் முன் காரின் ஃபியூஸ் பெட்டி மூடியில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிடுங்கள். இதில் எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அந்த 19 லிட்டர் காற்றை நசுக்கி உள்ளே தள்ள, கொள்கையளவில் சுமார் 2 கிலோஜூல் போதும். 120 வாட் கருவி 90 விநாடி ஓடினால் எடுப்பது கிட்டத்தட்ட 11 கிலோஜூல். மீதி அத்தனையும் மோட்டார்ச் சுருளிலும் பற்களிலும் வளையத்திலும் சூடாகத்தான் போகிறது.

பேட்டரி வகையில் மில்லி ஆம்பியர் எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று செல்களைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி. அதையே செல்லுக்கு 3.7 வோல்ட் என்று தனித்தனியாகக் கூட்டி 6000 என்றும் எழுதலாம். இரண்டிலும் இருப்பது ஒரே 22 வாட் மணிதான். வாட் மணி எண்ணைத் தேடுங்கள். 22 வாட் மணி, 100 வாட் மோட்டாரைப் பதின்மூன்று நிமிடம் ஓட்டும். நாலு டயருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்ற இது போதும், தரைதட்டிய இரண்டு டயரை எழுப்புவதற்குள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

என் தீர்ப்பு இதுதான்: வீட்டில் வைத்து மாதம் ஒரு தடவை எல்லா டயரையும் சரிபார்க்க பேட்டரிக் கருவி சுகம். ஆபத்துக்கு உதவட்டும் என்று டிக்கியில் போட்டு வைக்க வயர் உள்ளதே நல்லது. வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் லித்தியம் செல் சீக்கிரம் முதுமை அடையும். தேவைப்படும் இரவில் எடுத்துப் பார்த்தால் சார்ஜும் இறங்கியிருக்கும்.

அப்புறம் காட்டி. பழைய முள் காட்டிக்குள் இருப்பது வளைந்த தட்டைக் குழல். அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும், முள் நகரும். பிரான்ஸின் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. டிஜிட்டல் காட்டியில் மெல்லிய சிலிக்கான் சவ்வு வளையும்போது அதன் மின்தடை மாறுவதை வைத்து அளக்கிறார்கள். எதுவானாலும் ஒரு விஷயம் பொது: மோட்டார் ஓடும்போது தெரியும் எண் டயருக்குள் இருக்கும் அழுத்தம் அல்ல. அது குழாயில் இருக்கும் அழுத்தம். காற்று குழாயிலிருந்து குறுகிய வால்வு வழியே டயருக்குள் பாய வேண்டுமானால் குழாயில் டயரைவிடச் சற்று அதிகம் இருந்தே ஆக வேண்டும். நிறுத்தியதும் எண் கொஞ்சம் இறங்குவது அதனால்தான். தானே நின்றுவிடும் கருவியாக இருந்தாலும், நின்ற பிறகு தெரியும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். தனியாக ஒரு நல்ல அழுத்தமானி வைத்திருப்பது இன்னும் நல்லது.

எந்த எண்ணுக்கு ஏற்றுவது என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயர்ச் சுவரில் பொறித்திருப்பது அந்த டயரின் உச்ச வரம்பு, நமக்கு வேண்டியது அதுவல்ல. தாளில் இருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது. 33 பி.எஸ்.ஐ.யில் இருக்கும் டயர் 10 டிகிரி சூடானால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். நெடுந்தூரம் ஓடி வந்த டயர் நாலைந்து கூடுதலாகக் காட்டினால் அது இயல்பு. அப்போது காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைவாக நிற்கும்.

ஆணி குத்திய டயருக்குக் கருவி மருந்தல்ல. துளை சிறிதாக இருந்து, டியூப்லெஸ் டயராகவும் இருந்தால், ஆணியைப் பிடுங்காமல் காற்றடித்து மெதுவாகப் பஞ்சர் ஒட்டுமிடம் வரை போய்விடலாம். ஆணியே துளையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். பக்கச் சுவர் கிழிந்திருந்தால் அடிக்கும் காற்று அப்படியே வெளியே போகும், அங்கே ஸ்டெப்னிதான் வழி. ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று கருவி வாங்கிய அன்றே பாருங்கள். அன்றே வயரைச் சாக்கெட்டில் மாட்டி, பின் சக்கரம் இரண்டையும் எட்டுகிறதா, கதவில் நசுங்காமல் போகிறதா என்றும் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். முனை திருகும் வகையா, நெம்பு தட்டிப் பூட்டும் வகையா என்பதையும் கவனியுங்கள். திருகும் வகை கசியாமல் பிடிக்கும், ஆனால் கழற்றும்போது நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் கொஞ்சம் காற்று போகும். அதைக் கழற்ற டிக்கியில் ஒரு துணித் துண்டு கிடக்கட்டும்.